அப்பா வந்தாச்சா?

கேள்வி: டிசம்பர் வந்தால் அமெரிக்காவில் பல குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு டிவி படத்தைத் தவறாமல் போட்டுப் பார்க்கின்றனவாமே? அப்படி என்ன கதை அது?

பதில்: அப்பா வீடு வந்து சேரத் தாமதமாகிறது. கதை அவ்வளவுதான்! 1971 டிசம்பர் 19 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘தி ஹோம்கமிங்’ என்ற படம். 1933-ஆம் வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். வர்ஜீனியாவில் ஒரு மலைக் கிராமம், வெளியே பனி. வீட்டில் ஏழு பிள்ளைகள், அம்மா, தாத்தா, பாட்டி. பொருளாதார மந்தத்தில் உள்ளூரில் வேலை போய், வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா ஜான் வால்டன் மட்டும் இன்னும் வரவில்லை. வழியில் ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மூத்த மகன் ஜான்-பாயை அனுப்பித் தேடச் சொல்கிறாள் அம்மா. வேலைக்குப் போன ஒருவருக்காக ராத்திரியில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் எந்தக் குடும்பத்துக்குத்தான் இல்லை?

கேள்வி: ‘தி வால்டன்ஸ்’ தொடர் அதிலிருந்து பிறந்ததுதானே?

பதில்: ஆமாம். ஒரே ஒரு கிறிஸ்துமஸ் படமாக முடிந்திருக்க வேண்டியது. பார்த்தவர்கள் விடவில்லை. 1972 செப்டம்பர் 14-இல் தொடராகத் தொடங்கி, 1981 ஜூன் வரை 9 சீசன்கள், 221 அத்தியாயங்கள் ஓடியது. எதிரே அதே வியாழக்கிழமை இரவில் ‘ஃப்ளிப் வில்சன் ஷோ’ என்ற பெரிய நகைச்சுவை நிகழ்ச்சி. மரம் அறுக்கும் குடும்பத்தின் கதை இதன் முன் நிற்குமா என்று தொழிலில் இருந்தவர்களே சந்தேகப்பட்டார்கள். முதல் வருடமே சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது. இரண்டாவது சீசனில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் இரண்டாம் இடம்.

கேள்வி: கதை உண்மையில் நடந்ததா?

பதில்: நடந்தது. எழுதியவர் ஏர்ல் ஹாம்னர். வர்ஜீனியாவின் நெல்சன் கவுண்டியில் ஸ்கைலர் என்ற சின்ன ஊர்க்காரர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். ஊருக்கே சோறு போட்டது ஒரு மாக்கல் ஆலை. மந்த காலத்தில் அது மூடப்பட்டதும் அவருடைய அப்பா சுமார் 30 மைல் தள்ளி, வேன்ஸ்பரோவில் ட்யூபாண்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வாரம் முழுக்க அங்கே ஒரு விடுதி அறையில் தங்கல். வார இறுதியில் பேருந்தில் ஹிக்கரி க்ரீக் வரை வந்து, அங்கிருந்து ஆறு மைல் நடந்து வீடு சேர்வார். 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பனியில் அவர் நடந்து வந்த அந்த ஆறு மைல்தான் ஹாம்னர் 1970-இல் எழுதிய குறுநாவலுக்கு விதை.

அந்தப் பத்து வயதுப் பையன் வாசலில் காத்திருந்ததை மறக்கவே இல்லை. இதே குடும்பத்தை வைத்து 1961-இல் ‘ஸ்பென்சர்ஸ் மவுண்டன்’ நாவல் எழுதினார். ஹென்றி ஃபோண்டா நடித்து அது 1963-இல் சினிமாவும் ஆயிற்று. ஆனால் படக்காரர்கள் கதையை வர்ஜீனியாவிலிருந்து பெயர்த்து வயோமிங் மலைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாசல் மாறியதும் குடும்பமும் வேறாகிவிட்டது. தொலைக்காட்சிதான் அதைச் சொந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. தொடரில் ஒவ்வொரு வாரமும் கேட்கும் பின்னணிக் குரல் ஹாம்னருடையதே. சொந்தக் கதையைச் சொந்தக் குரலில் ஒன்பது சீசன்கள் சொல்லும் வாய்ப்பு எத்தனை எழுத்தாளருக்குக் கிடைத்திருக்கிறது?

கேள்வி: தொடரில் அம்மாவாக வருபவர் பெயர் மைக்கேல் என்று போடுகிறார்களே! அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. மைக்கேல் லெர்னட் என்பதுதான் அவர் பெயர். பார்ப்பவர்கள் குழம்பக்கூடாது என்று ஆரம்பத்தில் ‘மிஸ் மைக்கேல் லெர்னட்’ என்றே பெயர் போட்டார்கள். இந்தத் தொடருக்காக மூன்று எம்மி வாங்கிய பிறகு யாரும் குழம்பவில்லை.

கேள்வி: ‘தி ஹோம்கமிங்’ படத்தில் அம்மாவாக நடித்தவர் வேறொருவர் அல்லவா? ஏன் மாற்றினார்கள்?

பதில்: படத்தில் அம்மா ஒலிவியா, பாட்ரீஷியா நீல். ‘ஹட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். குழந்தைகளுக்காக எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டாலின் மனைவி. 1965-இல் வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு. நடையும் பேச்சும் போயின. இரண்டையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டு நடிப்புக்குத் திரும்பினார். ‘தி ஹோம்கமிங்’கில் அந்த முகத்தைப் பாருங்கள். கணவன் வரவில்லை, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேக்குக்கு ஆப்பிள் உரித்துக்கொண்டே பயத்தை முழுங்குகிறாள் அந்தத் தாய். எதையோ இழந்து மீட்டவரால்தான் அப்படி நடிக்க முடியும். கோல்டன் குளோப் விருது கிடைத்தது. வாரா வாரம் படப்பிடிப்பு என்ற உழைப்புக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் மனதை உலுக்கும் இன்னொரு விஷயம் உண்டு. பாட்டி எஸ்தராகப் படத்திலும் தொடரிலும் நடித்தவர் எல்லன் கார்பி. 1976 நவம்பரில் அவருக்கும் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. வேறு தயாரிப்பாளர்கள் என்றால் பாட்டியை ஒரு வசனத்தில் ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டு, ஆளை மாற்றியிருப்பார்கள். இவர்கள் காத்திருந்தார்கள். 1978 மார்ச்சில் பாட்டி வீடு திரும்பும் அத்தியாயம் வந்தது. பாட்டி கதாபாத்திரத்துக்கும் பக்கவாதம் என்று எழுதி, கார்பியால் சொல்ல முடிந்த ஓரிரு சொற்களையே வசனமாக வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் அவளை நோயாளியாக நடத்த, ‘எனக்கும் வேலை கொடுங்கள்’ என்று அவள் தவிப்பதுதான் அந்த அத்தியாயத்தின் கதை. தாத்தாவாக நடித்த வில் கியர் அடுத்த மாதமே, ஏப்ரல் 22 அன்று, காலமானார். ஆறு சீசன் கணவன் மனைவியாக வாழ்ந்த அந்த இருவரும் திரையில் மறுபடி சேர்ந்தது அந்த ஒருமுறைதான். தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நடிகைக்கு யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: தாத்தா இறந்ததைத் தொடரில் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: சமாளிக்கவில்லை, அழுதார்கள். அடுத்த சீசனின் முதல் அத்தியாயத்திலேயே தாத்தா இல்லாத வீட்டைக் காட்டினார்கள். மொத்தக் குடும்பமும் அவர் கல்லறையில் நிற்கிறது. வேறு தாத்தா வரவேயில்லை. வில் கியர் லேசுப்பட்டவர் அல்ல. 1950-களில் இடதுசாரி என்று ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வாய்ப்பு இழந்தவர். தாவரவியல் படித்தவர் என்பதால் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார். டொபாங்காவில் அவர் தொடங்கிய திறந்தவெளி அரங்கம் இன்றும் நாடகம் போடுகிறது.

கேள்வி: ‘தி ஹோம்கமிங்’கில் உங்களுக்கு மிகப் பிடித்த இடம்?

பதில்: ஜான்-பாய் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். உள்ளே என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். தப்புச் செய்தவன் மாதிரி ஒளித்து வைத்த நோட்டை எடுத்து நீட்டுகிறான். அவன் ரகசியமாக எழுதுகிறான்! ஏழு பிள்ளை பெற்ற ஏழைக் குடும்பத்தில் மூத்தவன் எழுத்தாளனாக ஆசைப்படுவது ஒரு குற்றம் போல அவனுக்கே தோன்றுகிறது. அப்பா கேட்டால் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. கடைசியில் நள்ளிரவில் அப்பா வந்து சேர்கிறார். பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு. ஜான்-பாய் கையில் ஒரு கட்டு ‘பிக் சீஃப்’ எழுதுதாள். அப்பாவுக்கு எழுத்துத் தொழில் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மகனைத் தெரியும். ஜான்-பாயாக நடித்த ரிச்சர்ட் தாமஸ் அந்தத் தாள்களைப் பார்க்கிற பார்வைக்காகவே படத்தை இன்னொருமுறை பார்க்கலாம்.

கேள்வி: பால்ட்வின் சகோதரிகளை ரசிகர்கள் இவ்வளவு கொண்டாடுவது ஏன்?

பதில்: கள்ளச்சாராயம் காய்ச்சுகிறோம் என்பதே தெரியாமல் காய்ச்சும் இரண்டு கண்ணியமான முதிய பெண்கள்! நீதிபதியாக இருந்த அப்பா விட்டுப்போன ‘ரெசிபி’ என்றுதான் அவர்களுக்கு அதன் பெயர். அமெரிக்க மதுவிலக்கு முடிந்தது 1933 டிசம்பர் 5. படத்தின் கதை நடப்பது அதே டிசம்பர் 24. பாப்டிஸ்ட் சபைக்காரியான ஒலிவியாவுக்கு அந்த வீட்டுப் பக்கமே ஆகாது. ஆனால் அப்பாவைத் தேடப்போன பையனுக்கு அன்றிரவு உதவிக்கு வருகிறவர்களில் அந்தச் சகோதரிகளும் உண்டு. கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஹாதார்ன் டூலியும் உதவுகிறார். ஊர் ஒதுக்கிவைத்த கதவுகள்தான் அந்த இரவில் திறக்கின்றன. கிறிஸ்துமஸ் கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மாட்டுத்தொழுவம்கூட அப்படித் திறந்த கதவுதானே.

கேள்வி: எல்லாம் சரி, தொடர் முழுக்கச் சர்க்கரைப் பாகு என்கிறார்களே விமர்சகர்கள்?

பதில்: பார்க்காமல் சொல்கிறவர்கள்தான் அதிகம். 1976-இல் வந்த ஓர் அத்தியாயம்: ஹிட்லர் மீதுள்ள கோபத்தில் ஊர்க்காரர்கள் ஜெர்மன் புத்தகங்களைக் கொளுத்தக் கிளம்புகிறார்கள். ஜான்-பாய் தடுக்கிறான். நெருப்பில் போட இருந்த ஒரு புத்தகத்தை ஜெர்மன் தெரிந்த பெண்மணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறான். அது பைபிள்! இன்னொன்று, ‘தி ஸ்காலர்’. எழுத்தறியாத கறுப்பினப் பெண் வெர்டி, ஜான்-பாயிடம் படிக்கக் கற்பது. அதை எழுதிய ஜான் மக்ரீவிக்கு எம்மி கிடைத்தது.

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1930-களின் வர்ஜீனியாவில் நிறவெறி சட்டமாகவே இருந்தது. பள்ளி, பேருந்து எல்லாவற்றிலும் பிரிவினை. தொடர் அதன் கொடுமையைத் தொட்டுத் தொட்டு விலகியது. வெர்டியின் வலி முழுதாகத் திரைக்கு வரவில்லை. தொடரை நேசிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கக்கூடாது.

கேள்வி: அப்பா ஜான் வால்டன் கோயிலுக்கே போகமாட்டாரே, நடித்தவரும் அப்படியா?

பதில்: நேர்மாறு. ரால்ஃப் வெயிட் நடிப்புக்கு வருமுன் போதகராக இருந்தவர்!

கேள்வி: விளக்கை அணைத்ததும் ஒவ்வொருவராக ‘குட் நைட்’ சொல்வது கேலிக்கு உரியதாகிவிட்டதே?

பதில்: கேலி செய்தவர்களுக்கும் அது மனப்பாடம். வீட்டை வெளியிலிருந்து காட்டுவார்கள். ஒரு ஜன்னலில் வெளிச்சம். முகம் எதுவும் தெரியாது, குரல்கள் மட்டும். ஹாம்னரின் வீட்டில் உண்மையாகவே இருந்த வழக்கம் அது. பதினொரு பேர் வசிக்கும் வால்டன் வீட்டில் அது ஒருவகை ஆஜர் பட்டியல். யாரும் குறையவில்லை என்று தெரிந்த பிறகே தூக்கம். தாத்தா குரல் நின்றுபோன வருடத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: அமெரிக்க அதிபர் ஒருவர்கூட இந்தத் தொடரைப் பற்றிப் பேசினாராமே?

பதில்: 1992-இல் சீனியர் புஷ். அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்ஸன்ஸ் போல இல்லாமல் வால்டன்ஸ் போல ஆகவேண்டும் என்றார். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடர் உடனே பதில் கொடுத்தது: நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், மந்தம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று பார்ட் சொல்வான். கார்ட்டூன் பையன் சரியான இடத்தில் தொட்டான். வால்டன் வீட்டின் ஒற்றுமையைப் பாராட்டுகிறவர், வேலையில்லாத அந்த அப்பாவையும் நினைக்க வேண்டும்.

கேள்வி: 2021-இல் ‘தி ஹோம்கமிங்’கை மறுபடி எடுத்தார்களே, பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. தி சிடபிள்யூ தொலைக்காட்சிக்காக எடுத்தார்கள். பழைய ஜான்-பாய் ரிச்சர்ட் தாமஸ் பின்னணிக் குரல் கொடுத்தார். ஹாம்னர் 2016-இல் காலமாகிவிட்டதால் அந்தப் பொறுப்பு கதையின் மகனிடமே வந்தது பொருத்தம். ஆனால் பளபளப்பு கூடிவிட்டது. 1971 படத்தில் அந்தச் சமையலறையின் வறுமை கண்ணில் படும். என் வாக்கு பழையதற்கே.

கேள்வி: ரசிகர்கள் இன்றும் ஸ்கைலருக்குப் போகிறார்களா?

பதில்: போகிறார்கள். ஹாம்னர் படித்த பள்ளிக்கூடத்திலேயே 1992-இல் ‘வால்டன்ஸ் மவுண்டன் மியூசியம்’ திறக்கப்பட்டது. தொடரின் சமையலறை, ஜான்-பாய் அறை எல்லாம் உள்ளே. ஹாம்னர் குடும்பம் வாழ்ந்த வீடும் அதே ஊரில் இருக்கிறது. பிள்ளைகளாக நடித்த நடிகர்கள் ரசிகர் சந்திப்புகளுக்கு வருவதுண்டு. அங்கே ரசிகர்கள் பேசுவது பெரும்பாலும் தொடரைப் பற்றியே இருக்காது, யாரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தோம் என்பதைப் பற்றித்தான் இருக்கும். 1972-இல் பாட்டி மடியில் இருந்து பார்த்த குழந்தை இப்போது தானே பாட்டி. இந்த அன்புக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: ஒன்றுமே பார்த்ததில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் 1971-இன் ‘தி ஹோம்கமிங்’. பிறகு தொடரின் முதல் அத்தியாயம் ‘தி ஃபவுண்ட்லிங்’. காது கேளாத ஒரு சிறுமியை யாரோ வால்டன் வீட்டு வாசலில் விட்டுப்போக, வீடே அவளுக்காக விரல் மொழி கற்றுக்கொள்ளும் கதை. அப்புறம் பாட்டி வீடு திரும்பும் அந்த அத்தியாயம். மூன்றையும் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இடையில் அவர்கள் சொந்தக் கதை சொல்ல ஆரம்பித்தால், படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.