மாப்ளை காதுக்கு ஒரு கியரு

ஏனுங்க மாப்ளை, சித்தெ இப்படி வந்து உக்காருங்க. சீர் வீடாகட்டும், எழவு வீடாகட்டும், நாலு பேரு கூடுன எடத்துல எல்லாம் உங்க புதுக் காரைப் பத்தின ஒப்பாரிதானாமா? "காசைக் கொட்டி ஆட்டோமேட்டிக் வாங்குனேன், மிதிச்சா இஞ்சின் மட்டும் ஊஊன்னு கத்துது, வண்டி நகர மாட்டீங்குது"ன்னு சொல்லீட்டுத் திரியறீங்களாமா. கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறலைங்க. இத்தனை படிச்ச மாப்ளைக்கு, பொண்டாட்டி ஓட்டற ஸ்கூட்டருல இருக்கறதும் படியில்லாமக் கியரு மாத்தற அதே சிவிடிதான்னு சொல்ல ஒரு ஆளு இல்லாம போச்சே!

முழிக்காதீங்க. மெய்தான். 1984-ல கைனடிக் ஹோண்டா வந்தப்ப "கியரு இல்லாதது ஒரு வண்டியா"ன்னு ஊரே சிரிச்சுது. இன்னைக்கு அந்த ஊருல அரிசி மூட்டையில இருந்து ஆட்டுத்தழை வரைக்கும் அதோட வம்சந்தான் சொமந்துட்டுத் திரியுது. நீங்களும் காலேசுக்குப் போனதே அதுலதான். முறுக்குனதும் சத்தம் ஒரு மட்டத்துக்கு ஏறி நிக்கும், வேகம் பின்னாடியே வரும். ஒரு நாளாவது "ஸ்கூட்டரு கத்துது"ன்னு வந்து நின்னீங்களா? இல்லையே. நாலு சக்கரம் வந்ததும் காது நெம்பத்தான் நாசூக்காயிருச்சு.

அடுத்தவாட்டி பட்டறையில ஸ்கூட்டரோட இடது பக்க மூடியைக் கழட்டறப்ப, போனை நோண்டாம எட்டிப் பாருங்க. முன்னால ஒரு புல்லி, பின்னால ஒரு புல்லி, நடுவுல பல்லு வெட்டுன ரப்பர் பெல்ட்டு. முன் புல்லிக்குள்ள கட்டைவெரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன ரோலருக ஆறு கிடக்கும். இஞ்சின் வெசையாச் சுத்துனா அதுக வெளிப்பக்கம் ஓடி, புல்லியோட ஒரு தட்டை நெருக்கும். நெருக்குனா பெல்ட்டு மேல ஏறும், பின் புல்லி அந்தளவுக்கு விரிஞ்சு குடுக்கும். கியரு மாத்தறதுங்கறது அங்க அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு மூணுன்னு படியே கிடையாது. ரோலரு ஓடி ஓடி ஒரு பக்கம் சப்பையாயிருச்சுன்னா பிக்கப்பு தடுமாறும். பட்டறைக்காரரு அதை உள்ளங்கையில வெச்சு ஆட்டிக் காட்டுவாரு, உருளாம அப்படியே கிடக்கும். அப்ப வர்ற கோளாறுக்கு நீங்க பொலம்பலாம், நியாயம்.

உங்க காருல ரோலரு இல்லீங்க. புல்லியை நெருக்கறதும் விரிக்கறதும் எண்ணெய் அழுத்தந்தான். எத்தனை நெருக்கோணும்னு கம்ப்யூட்டரு சொல்லும். ரப்பருக்குப் பதிலா எஃகுப் பட்டை. தகட்டுத் துண்டுகளை நூத்துக்கணக்குல எஃகு வளையத்துல கோத்திருப்பாங்க. ஸ்கூட்டரு பெல்ட்டு இழுக்கும். இது ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ளியே பலத்தைக் கொண்டு போய்ச் சேக்கும். சில கம்பெனி பட்டைக்குப் பதிலாச் சங்கிலி வெக்குது. ஒரகடத்துல செய்யற மேக்னைட்டு டர்போவுலயும் சிவிடி உண்டு. ஸ்ரீபெரும்புதூருல செய்யற க்ரெட்டாவுல ஐவிடின்னு பேரு வெச்சிருக்காங்க; பேருதான் வேற, குடும்பம் ஒண்ணுதான்.

இப்ப உங்க காதுக்கு வருவோம். நானெல்லாம் டபுள் கிளச்சு போட்டு லாரி ஓட்டுனவன். சத்தம் ஏறுனா வண்டி ஏறோணும். கியரு மாத்துனாச் சத்தம் தாழ்ந்து, மறுபடி ஏறோணும். சத்தம் ஏறி வண்டி ஏறலைன்னா கிளச்சு பிளேட்டு தேஞ்சு வழுக்குதுன்னு அர்த்தம். லாரியை ஓரங்கட்டீட்டுத் திருச்செங்கோட்டுல இருந்து மெக்கானிக்கு வர்ற வரைக்கும் புளியமரத்தடியில உக்காரோணும். உங்க அய்யனும் என்ற பக்கத்துல உக்காந்து பழகுன ஆளுதான், நீங்க அவரு பக்கத்துல உக்காந்து பழகுனீங்க. அதனால கத்தற இஞ்சினைக் கேட்டதும் உங்களுக்கு வவுறு கலங்குது. காருக்கு ஒண்ணும் ஆகலைங்க. காதுக்குப் பழைய சீக்கு.

சிவிடி என்ன பண்ணுதுன்னா, நீங்க மிதிச்ச மிதிக்கு எந்தச் சுத்து தோதோ, நேரா அங்க கொண்டு போய் இஞ்சினை நிறுத்தீரும். அப்புறம் புல்லியை மாத்தி மாத்தி வண்டியை மேல ஏத்தும். நாதசுரக் கச்சேரியில ஒத்து ஊதறவரு ஒரே சுதியைப் பிடிச்சுட்டுக் கன்னம் பொடைக்க நிப்பாரு, நாயனம் பாட்டுக்கு மேல ஏறீட்டுப் போகும். உங்க பானெட்டுக்குள்ள இருக்கறவரு ஒத்துக்காரரு. நாயனம் ஸ்பீடாமீட்டர்ல வாசிச்சுட்டிருக்குது. நீங்க ஒத்துக்காரரு சட்டையைப் பிடிச்சு "ஏய்யா ராகம் மாறலை"ன்னு சண்டைக்குப் போறீங்க.

உங்களைச் சொல்லியும் குத்தமில்லை. உலகம் பூராவும் உங்க சாதிக் காதுதான். அதுக்கோசரம் கம்பெனிக்காரங்க என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? இல்லாத கியரை இருக்கறதாப் பாவிச்சு, முழுசா மிதிச்சா இஞ்சின் சுத்தைக் காட்டற முள்ளு ஏறி எறங்கி ஏறற மாதிரி கம்ப்யூட்டருல எழுதி வெச்சுட்டாங்க. ஸ்டியரிங்குக்குப் பின்னால ஏழுன்னு காட்டற ரெக்கைச் சுவிச்சும் அதே கூத்துதான். காதுக்கு லஞ்சங்க அது. வாங்கறவன் இருக்கற வரைக்கும் குடுக்கறவனும் இருப்பான். டொயோட்டாக்காரங்க மட்டும் 2018-ல, நின்ன எடத்துல இருந்து கிளம்பறதுக்குன்னு நெசமான ஒரு பல்லுக் கியரையே சிவிடியோட சேத்துக் கொண்டாந்தாங்க.

பந்தயக் காருக்கு இது ஆகாதுன்னும் சொல்லீராதீங்க. 1993-ல வில்லியம்ஸ் டீமு ஃபார்முலா ஒன் காருல சிவிடியை மாட்டி, டேவிட் கூல்தார்டுங்கற பையனை விட்டு ஓட்டிப் பாத்துது. அடுத்த வருச விதியிலயே அதுக்குத் தடை போட்டுட்டாங்க. அதுக்கும் முன்னால, 1958-ல, ஹாலந்துக்காரரு ஹப் வான் டோர்னு டாஃப்புன்னு ஒரு சின்னக் காரை ரப்பர் பெல்ட்டு சிவிடியோட கொண்டாந்தாரு. முன்னால போற வேகத்துலயே ரிவர்சுலயும் போகும். அந்தூருக்காரங்க சும்மா விடுவாங்களா? அதை வெச்சே ரிவர்சுப் பந்தயம் விட்டாங்க. நம்மூரு பசங்க கையில கிடைக்காததுக்குச் சாமிக்கு ஒரு கெடா வெட்டோணும்.

சரி, ஓட்டற விதத்துக்கு வாங்க. உங்க காலு என்னமோ பழைய லாரி ஆக்ஸிலேட்டருன்னு நெனைச்சு மிதிக்குது. வெரலு கனத்துக்கு மிதிச்சாப் போதும். அவிநாசி ரோட்டு சிக்னல்ல பச்சை விழுந்ததும் லேசாக் குடுங்க, முள்ளு ரெண்டாயிரத்துக்குப் பக்கமே நின்னுக்கும், வண்டி வழுக்கீட்டுப் போகும். ஒரு குலுக்கல் இருக்காது. உங்க சகலை வாங்குன, சாதாக் கியரையே தானா மாத்தற ஏஎம்டியில ஒவ்வொரு கியருக்கும் வீட்டுக்காரம்மா தலையாட்டறாங்க. தன் பேச்சுக்குத்தான் சம்மதிக்கறாங்கன்னு சகலை சந்தோசப்பட்டுக்கறாரு. உங்க வண்டியில பின்சீட்டு அம்முச்சி தூங்கி எந்திரிச்சு "கெளம்பலையா"ன்னு கேக்கோணும். நாலு வழிச் சாலையில எம்பதைத் தொட்டதும் காலை ஒரு நூலு தளர்த்திப் பாருங்க. வேகம் அப்படியே இருக்கும், இஞ்சின் மட்டும் கம்முனு ஆயிரும். பெட்ரோலு மிச்சம் ஆகறது அங்கதான். வேகு வேகுன்னு அழுத்தீட்டு மைலேஜு வரலைன்னா, மைலேஜு எங்கிருந்துங்க வரும்?

கரும்பு லாரிக்குப் பின்னால மாட்டுனீங்கன்னா அப்பத்தான் கொஞ்சம் சூதானம் வேணும். மிதிச்ச நொடியே பாயாது. இஞ்சின் முதல்ல சுத்து ஏறோணும், அப்புறந்தான் வண்டி. அந்த ஒரு மூச்சு நேரத்தை எதிர்ல பஸ்ஸு வர்றப்பக் கண்டுபிடிக்காதீங்க. முந்தறதுக்கு முன்னாலயே எஸ்-ல போட்டு முள்ளை ஏத்தி வெச்சுக்குங்க. ரோடு காலியானதும் மிதிச்சா, நடுவுல கியரு மாத்தற தடங்கலே இல்லாம ஒரே இழுப்புல போயிரும். இது கியர் வண்டிக்காரனுக்குக் கிடைக்காத சொகம்.

நான் நெசமாப் பயப்படறது எறக்கத்துக்குத்தான். காரவள்ளி தாண்டிக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி எறங்குனவங்களுக்குத் தெரியும். லாரியில நாங்க ஏறுன கியருலயே எறங்குவோம், பிரேக்கைத் தொட்டும் தொடாமத்தான் வருவோம். நீங்க டி-யில போட்டுட்டுக் காலை எடுத்தீங்கன்னா, இது பெட்ரோலை மிச்சம் பிடிக்கற புத்தியில இஞ்சினைத் தாழச் சுத்த விட்டு உருளும். பிடிப்பு பத்தாது. நீங்க பிரேக்கு, பிரேக்கு, பிரேக்குன்னு மிதிச்சே வருவீங்க. பாதி மலையில கருகுன வாசம் வரும். "யாரோ குப்பை எரிக்கறாங்க"ன்னு கண்ணாடியை ஏத்துவீங்க. எரியறது உங்க பிரேக்கு பேடுங்க மாப்ளை! எறங்கறதுக்கு முன்னால எல்-லயோ எஸ்-லயோ போடுங்க. ரெக்கைச் சுவிச்சு இருந்தா சின்ன நம்பருக்கு எறக்குங்க. காது லஞ்சம்னு சொன்னனே, அது இங்க உசுரைக் காக்கும். இஞ்சின் கத்தும். கத்தட்டும், அதுதான் பிடிச்சுட்டிருக்குது. ஸ்கூட்டருல இன்னும் மோசம்; ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் கொறைஞ்சுதுன்னா கிளச்சே கையை விட்டுரும். அப்புறம் பிரேக்கும் நீங்களும் குலசாமியுந்தான்.

ஏத்தத்துல ட்ராஃபிக்கு நின்னா ஆக்ஸிலேட்டரு மேலயே வண்டியைப் பிடிச்சு நிறுத்தற வித்தையைக் காட்டாதீங்க. எண்ணெய் சுட்டுப் போகும். ஏழு பேரு, ஒரு மூட்டை, ஒரு கெடாவோட சித்திரை வெயில்ல மலை ஏறுனீங்கன்னா, சூடு தாங்காம வண்டி தானாப் பலத்தைக் கொறைச்சுக்கும். கோவிச்சுக்காம ஓரங்கட்டி, டீ குடிச்சுட்டு வாங்க. அந்த எண்ணெய் விசயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். கடையில கிடைக்கற ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊத்தக் கூடாது. புஸ்தகத்துல போட்ட சிவிடி எண்ணெய்தான் ஊத்தோணும். பட்டை வழுக்காமப் பிடிச்சுக்கறதே அதனாலதான். "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு எவனாவது சொன்னா, யாரு ஆயுசுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டு வையுங்க. வழியில நின்னு போச்சுன்னா டிராக்டருல கயிறு கட்டி இழுத்துட்டு வராதீங்க. முன் சக்கரம் உருள உருள உள்ள எண்ணெய் ஓட்டமில்லாம காஞ்சு தேயும். தூக்கி வெச்சுட்டு வர்ற லாரிக்குச் சொல்லி விடுங்க.

இத்தனையும் நான் வாயில சொல்லி என்னத்துக்கு ஆகும்? ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரரைக் கும்பிடோணும்னு உங்க அத்தை வருசாவருசம் கேட்டுட்டே இருக்கா. உங்க வண்டியிலயே போயிரலாம். பெட்ரோலு நீங்க போட்டுக்குங்க, சாப்பாட்டுக்கு அத்தை கட்டுச்சோறு கட்டீருவா. ஏறறப்ப நீங்க ஓட்டுங்க, ஒத்தும் நாயனமும் எப்படின்னு பக்கத்துல உக்காந்து சொல்றேன். எறங்கறப்ப மட்டும் சாவியைச் சித்தெ இங்க குடுத்துருங்க. பயப்படாதீங்க, லைசென்ஸைப் போன தையிலயே புதுப்பிச்சு வெச்சுட்டேன்.