ஷையூருக்கு வழி

பதினோரு வருஷமாக ஆடி அமாவாசைக்கு நான் எள்ளும் தண்ணீரும் விட்டுவந்தது என் கொள்ளுத்தாத்தாவுக்கு அல்ல. அப்பா 2012இல் போனார். அடுத்த ஆடியில் ஸ்ரீபெரும்புதூர் குளக்கரையில் உட்கார்ந்தபோது ஐயர் அவசரமாகக் கேட்டார்: "அப்பா பேரு? தாத்தா பேரு? தாத்தாவோட அப்பா பேரு?" முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள், எனக்கு ஏழரைக்குக் கம்பெனி பஸ். "எத்திராஜன்" என்று சொல்லிவிட்டேன்.

பொய்யானாலும் மண்ணுக்கேற்ற பொய். ராமானுஜருக்கு எதிராஜர் என்று ஒரு பெயர். அவர் பிறந்த ஊர் என்பதால் எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று "எத்திராஜு" என்று கூப்பிட்டால் மூன்று பேராவது திரும்புவார்கள். கொள்ளுத்தாத்தாவும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அந்த ராமானுஜர் 1017இல் பிறந்தவர். அப்பா கேசவ சோமயாஜி, அம்மா காந்திமதி, சித்திரைத் திருவாதிரை என்று ஆயிரம் வருஷம் கழித்தும் ஊரே ஒப்பிக்கிறது. என்னுடையவருக்கு நூற்றுச் சொச்சம் வருஷம்தான். பேரைக்கூடக் காணோம்.

இந்த அழகில் நான் பார்க்கும் வேலை, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு. ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் எந்த லாட், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், கம்பி எந்த உருக்கில் வந்தது என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். ஆடிட்டுக்கு வரும் ஜப்பான்காரர் தலையாட்டிவிட்டுப் போவார்.

கேன்டீனில் எதிரே உட்காரும் பீகார்க்காரத் தம்பி ஒருவன்தான் வினையை ஆரம்பித்துவைத்தது. பித்ரு பட்சத்துக்கு லீவு போட்டுக் கயாவுக்குப் போய்வந்தான். அங்கே அவர்கள் குடும்பத்துப் பண்டா நீளமான பஹி ஏட்டைப் புரட்டி ஏழு தலைமுறையைப் படித்துக் காட்டினாராம். தாத்தாவின் தாத்தா வந்துபோன வருஷம்கூட அதில் இருந்ததாம். (ஹரித்வார் பண்டாக்களின் இப்படிப்பட்ட பஹிகளை அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த வம்சாவளிச் சங்கம் படம்பிடித்தே வைத்திருக்கிறது.) "உங்களுக்கு அண்ணா?" என்றான். "எங்களுக்கும் உண்டு. ஊர்ல எழுதி வச்சிருக்காங்க" என்றேன். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது பொய்.

அன்று ராத்திரியே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். இரண்டு பித்தளைச் சொம்பு, ஒரு மொய் நோட்டு, செல்லரித்த பத்திரம் ஒன்று. பத்திரத்தில் எழுத்தெல்லாம் புள்ளியில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடியது. மூன்று ராத்திரி உட்கார்ந்து நான் ஒரு நோட்டில் பெயர்த்தெழுதியது இவ்வளவுதான்: ஆனந்த வருஷம், ஷையூர், முனுசாமி, அப்புறம் ஒரு ஓட்டை, அதை ஒட்டி மண் கட்டடம்.

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது தெரியும். ஆனந்த வருஷம் 1974இல் வந்தது, 1914இல் வந்தது, 1854இலும் வந்தது. மூன்றில் எதை எடுப்பது? பெருமைக்காரன் பழையதைத்தானே எடுப்பான். "நம்ம குடும்பத்துக்கு நூத்தி எழுபது வருஷத்துப் பத்திரம் இருக்கு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். முனுசாமி என்பது என் தாத்தா பேர். பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது வழக்கம் என்பதால் 1854 முனுசாமி இன்னும் மேலே எங்கோ இருக்கிற ஒரு முனுசாமி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கணக்கு சரியாக வந்ததுதான் பெரிய ஆபத்து.

அடுத்தது ஷையூர். அப்படி ஓர் ஊரை மேப்பில் காணோம். ஆனால் மதுராந்தகம் தாண்டிச் செய்யூர் இருக்கிறது. பழைய காலத்தில் ஷ போட்டு எழுதியிருப்பார்கள் என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனேன். கந்தசாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் "இங்க முனுசாமின்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன். "எந்த முனுசாமி?" "1854இல் இருந்தவர்." ஒருவர் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மற்றவர் தண்ணீர் கொடுத்தார். வெயிலில் வந்த மூளை என்று நினைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, சென்னையில் பழைய எழுத்து படிக்கச் சொல்லித்தரும் ஒரு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வகுப்புக்குப் போவேன். சுவடி, கல்வெட்டு, பத்திரம் எல்லாம் வரும், கூடவே தூக்கமும் வரும். ஒருநாள் கீழ்வாய் இலக்கம் நடந்துகொண்டிருந்தது. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிப்போய், "முந்திரின்னா எவ்வளவு?" என்று ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார். விழித்துக்கொண்டு, "கிலோ எண்ணூறு ரூபாய் சார்" என்றேன். முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்பதை அந்த வகுப்பில் இனி யாரும் மறக்க மாட்டார்கள். ஒரு காணி என்பது நூறு குழி, இன்றைய கணக்கில் 1.32 ஏக்கர் என்று நான் தெரிந்துகொண்டதும் அங்கேதான்.

பத்திரத்தை ஆசிரியரிடம் காட்டினேன். முதலில் முத்திரையைத் தொட்டுக் காட்டினார். தாடி வைத்த ராஜா தலை. ஐந்தாம் ஜார்ஜ். அவர் பட்டத்துக்கு வந்தது 1910இல். ஆக, ஆனந்த வருஷம் 1914: எம்டன் கப்பல் சென்னைக் கடற்கரையில் குண்டு போட்ட அதே வருஷம். அறுபது வருஷப் பெருமை ஒரு விரல் நுனியில் போயிற்று. அடுத்து விரல் ஷையூருக்கு வந்தது. "இது ஊர் பேர் இல்லீங்க. ௸ன்னு ஒரு குறி உண்டு. மேற்படின்னு அர்த்தம். கைப்பழக்கத்துல ஷைன்னு எழுதுவாங்க. ஷையூர்னா மேற்படி ஊர். மேல சொன்ன ஊரேதான்." மேலே என்ன ஊர் சொல்லியிருக்கிறது? எங்கள் ஊர்தான். மேற்படி ஊரைத் தேடிச் செய்யூர் வரைக்கும் பெட்ரோல் போட்டுப் போன ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நிலப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடம். பழைய செட்டில்மென்ட் பதிவேடுகள், இனாம் பதிவேடுகள், ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் எல்லாம் அங்கே உண்டு. முதல்முறை போனபோது பூட்டியிருந்தது. அன்று தெலுங்கு வருஷப் பிறப்பு, அரசு விடுமுறை. எங்கள் கம்பெனி காலண்டரில் அப்படி ஒரு நாளே கிடையாது. சம்பளம் பிடித்ததுதான் மிச்சம்.

இரண்டாம்முறை ஊர் ஒரகடம் என்று எழுதிக் கொடுத்தேன். தாலுகா? பழைய நாளில் நாங்கள் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 1997இல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. அதனால் தாலுகாவுக்கும் செங்கல்பட்டு என்றே எழுதிவிட்டேன். கிடைத்த பதிவேட்டில் ஒரு முனுசாமியும் இருந்தார், அவர் பேரில் நஞ்சையும் இருந்தது. அப்படியே எழுதிவந்து, டைப் அடித்து, லேமினேட் செய்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மூன்று மாசம் அவருக்குப் பூ வைத்தோம். பிறகு என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "எல்லையில திருக்கழுக்குன்றம்னு போட்டிருக்கே?" என்றாள். ஒரகடம் அம்பத்தூரில் ஒன்று, திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒன்று, எங்களுடையது ஒன்று. நாங்கள் பூ வைத்தது வேறு யாருடைய தாத்தாவுக்கோ. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

சரியான தாலுகாவைப் போட்டுத் தேடியபோது எங்கள் ஆள் அதில் இல்லவே இல்லை. பதிவேட்டில் இருப்பது பட்டா வைத்திருந்தவர் பேர். செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாருக்கு ஏடு ஏடாகக் காகிதம் உண்டு. நிலத்தை வாரத்துக்கு உழுத பாயக்காரிக்கும், அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கும் ஒரு வரி கிடையாது. வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலத்துக் கருவிகள் கிடைத்தன. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கல்லைச் செதுக்கியவன் அகப்படுகிறான், கலப்பை பிடித்தவன் அகப்படவில்லை.

இதைவிட வேடிக்கை, ஊரைவிட்டுப் போனவர்களுக்குக் காகிதம் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். டர்பனில் இருக்கிற கொள்ளுப்பேரன் அதை வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக் கிராமத்தைத் தேடி வருகிறான். ஊரைவிட்டு நகராத எங்கள் வீட்டில் தழும்பும் தெரியாது, பேரும் தெரியாது. அந்தப் பட்டியலிலும் ஒரு முனுசாமியைக் கண்டுபிடித்துச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அங்க எவ்ளோ நிலம் வச்சிருக்கானாம்?" என்றார். அதோடு நேட்டாலை விட்டுவிட்டேன்.

துப்பு கிடைத்தது மொய் நோட்டில். பெரிய அத்தை கல்யாணத்து நோட்டு. எல்லாரையும் ஊர், இனிஷியலோடு எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் பெண்ணுக்குத் தகப்பனார் ம. முனுசாமி. ஆக, கொள்ளுத்தாத்தா பேர் ம-வில் ஆரம்பிக்கிறது. எத்திராஜன் அந்த இடத்திலேயே காலமானார். மாணிக்கமா, மதுரையா, மண்ணாதனா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அத்தையையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாலாஜாபாத்தில் இருக்கிறார், எண்பத்து நாலு வயது, நினைவு கத்தி மாதிரி. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் நிலம் சிப்காட்டுக்குப் போனபோது தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று கேட்டார்கள். வம்சாவளி எழுதித்தர வேண்டும். குடும்பத்தில் டிப்ளமோ படித்தவன் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதினேன். பட்டா தாத்தா பேரில் இருந்ததால் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். பணம் அதற்கு மேலே கேட்கவில்லை, நானும் போகவில்லை. கீழே அப்பா, சித்தப்பாக்கள். அத்தையை எழுதவில்லை. தாலுகா ஆபீசில் இருந்தவர்தான், "பொண்ணுங்க யாரும் இல்லியா?" என்று கேட்டு ஓரத்தில் எழுதச் சொன்னார். 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று சொல்லியாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பட்டுச் சேலையும் இருபத்தைந்தாயிரமும் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். சார்பதிவாளர் ஆபீசுக்கு அத்தையைப் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனவன் நான். பெருவிரலில் மை ஒட்டிக்கொண்டிருந்ததைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்ததும் நான்தான். அன்று அதை மரியாதை என்று நினைத்தேன்.

போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனதே தப்பு. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாடா கண்ணு. இன்னாத்துக்கு வந்த?" "சும்மாதான் அத்தை. நம்ம குடும்பத்துப் பழைய விஷயமெல்லாம் கேக்கலாம்னு..." அவ்வளவுதான். பெருவிரலை நீட்டினார். "இந்தா. எங்க வெக்கணும் சொல்லு. இன்னும் எதனா நிலம் மீந்துபோச்சா?"

அரைமணி நேரம் சத்தியம் பண்ணினேன். காகிதம் எதுவும் இல்லை என்று பையைக் கவிழ்த்துக் காட்டினேன். தர்ப்பணத்தில் பொய் சொன்னதைச் சொன்னபிறகுதான் சிரித்தார், நம்பினார்.

"சரி, இன்னா தெரியணும்?"

"உங்க தாத்தா பேரு அத்தை."

"மண்ணாங்கட்டி."

திட்டுகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நியாயமான திட்டுதான்.

"இன்னாடா முழிக்கற? பேரே அதான். மூணு புள்ள பொறந்து பொறந்து செத்துச்சு. நாலாவதுக்கு நல்ல பேர் வெச்சா எமன் தூக்கினு போய்டுவான்னு மண்ணாங்கட்டின்னு வெச்சாங்க. எழுபது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு."

வீட்டுக்கு வந்து பத்திரத்தை விரித்தேன். முனுசாமி, ஓட்டை, மண் கட்டடம். ஓட்டையில் இருந்தது குமாரர். கட்டடம் எதுவும் இல்லை. புள்ளி வைக்காத மணணாஙகடடி. தாத்தாவுக்குப் பெயர் கொடுத்த, தாத்தாவுக்குத் தாத்தாவான முனுசாமியின் மகன். அவர் பேரைச் சுவராக்கி நோட்டில் எழுதிவைத்து ஒரு வருஷமாக ஊர் சுற்றியிருக்கிறேன்.

இந்த ஆடி அமாவாசைக்கும் அதே குளக்கரை, அதே அவசரம். "தாத்தாவோட அப்பா பேரு?"

"மண்ணாங்கட்டி."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், காலங்கார்த்தால?"

"கொள்ளுத்தாத்தா பேரு சாமி."

ஒரு கணம் யோசித்துவிட்டு மந்திரத்துக்குள் அவரைச் சேர்த்தார். சமஸ்கிருத விகுதியோடு மண்ணாங்கட்டி ஒலித்தபோது பின்னால் நின்றவர் சிரிப்பை அடக்க இருமினார். நான் ஒரு கை தண்ணீர் கூடுதலாக விட்டேன். அது எத்திராஜனுக்கு. பதினோரு வருஷப் பழக்கம், சட்டென்று நிறுத்த மனசு வரவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தண்ணி விட்டது சரி. நோட்டுல எல்லாரையும் எழுதினு வரேன்னியே, எம் பேரு எழுதினியா?"

"அப்பவே எழுதிட்டேன் அத்தை" என்றேன், பையில் பேனாவைத் துழாவிக்கொண்டே.