நானே எழுதிய நற்சான்று

முனைவர் பட்டம் முடித்து, போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை தேடிய நாட்களில் என்னிடம் ஒரு எக்செல் கோப்பு இருந்தது. 83 பேராசிரியர்கள், யாருக்கு எந்தத் தேதியில் மெயில் போட்டேன், என்ன பதில் வந்தது என்ற விவரம். பதிலுக்கான கட்டங்கள் பெரும்பாலும் காலி. ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார்: என் பெயர் அதுவல்ல, நீங்கள் புகழும் கட்டுரையும் என்னுடையதல்ல, இருந்தாலும் வாழ்த்துகள். வெட்டி ஒட்டிய வினை.

பதில் போட்ட மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். ஃபண்ட் இல்லை, ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு வா. நம் நாட்டு தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35. எனக்கு 34 முடிந்திருந்தது. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் வேறொரு விதி: போகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அந்த அம்மாள் 1891-ல் பாரிஸ் போனவர். 1903-ல் அங்கேயே டாக்டர் பட்டம், அதே ஆண்டு நோபலும். ஆனால் தன் பெயரில் உள்ள ஃபெலோஷிப்பில் பாரிஸிலேயே ஆராய்ச்சியைத் தொடர அவருக்கே தகுதி கிடையாது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

எங்கே விண்ணப்பித்தாலும் பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். வழிகாட்டியிடம் போனேன்.

"நீயே ஒரு டிராஃப்ட் போட்டுட்டு வாப்பா. பாத்து அனுப்பிடறேன்."

சாப்பாடு எப்படி என்றால்கூட 'ஏதோ' என்று சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் நான். இரவெல்லாம் உட்கார்ந்து 'இவர் கடமையைச் சரியாகச் செய்வார்' என்று எழுதினேன். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் படித்துவிட்டு, "இதை இங்க யாராவது பாத்தா உன்மேல ஏதோ கேஸ் இருக்குன்னு நினைப்பாங்கடா" என்றான்.

அவன் கொடுத்த தைரியத்தில் பேனா துள்ளியது. ஒருநாள் ரியாக்டர் வால்வை மூட மறந்து சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது 'சுயமாக முடிவெடுக்கும் துணிவு' ஆயிற்று. கடைசியில், 'கடந்த 20 ஆண்டுகளில் நான் கண்ட தலைசிறந்த மாணவர்.'

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இருபதா? நான் வேலைக்குச் சேந்தே பதினோரு வருஷம்தானேப்பா." சிவப்புப் பேனா இறங்கியது. 'அபாரமான' எல்லாம் 'நல்ல' ஆயின. துணிவு அடியோடு போயிற்று. மிச்சத்தை நானே சரிசெய்து அனுப்புகிறேன் என்றார். அப்புறம் அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு நேர்காணல். அங்கே மாலை 6 மணி, இங்கே இரவு 9.30. சட்டைக்குக் கீழே லுங்கி. என் வினையூக்கி ஆராய்ச்சியைப் பற்றி 40 ஸ்லைடு தயாரித்திருந்தேன். நான்காவது ஸ்லைடில் பேராசிரியை கையை உயர்த்தினார்.

"உங்கள் வழிகாட்டி ஒன்று எழுதியிருக்கிறார். சைக்கிள் டியூபா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருமுறை ஆய்வக வாக்குவம் பம்ப் பழுதாகி, சர்வீஸ் ஆள் வர மூன்று வாரம் ஆகும் என்று சொன்ன சமயம், நானே அதைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, கேஸ்கெட்டுக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு ஓட்டினேன். அன்றைக்கு சார் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

வினையூக்கியை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் டியூபைப் பற்றியே பேசினோம். பிறகு அவர் மடிக்கணினியை மெல்லத் திருப்பி, அறை மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பம்பைக் காட்டினார்.

என்ன மாடல் என்று கேட்டேன்.