கால் தூக்கிய சிங்கம்

வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் எடை என்று பொருள். சீமந்தத்துக்கு வந்த சந்தனக் கிண்ணமாயினும், பேரனுக்கு வாங்கிய பாலாடையாயினும், ‘இத்தனை தோலா’ என்ற ஒரே அடைமொழியோடுதான் அது என் சகதர்மிணியின் நினைவில் வாசம் செய்யும். செய்தவன் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்ற விசாரமெல்லாம் அவளுக்கு அநாவசியம். அப்படிப்பட்ட கிருகத்தில், மல்லேஸ்வரத்து வைதிக வாசனை இன்னும் முற்றிலும் மறையாத ஒரு தெருவில், அறுபது வயதுக்கு மேல் எனக்குப் பழைய ஆங்கில வெள்ளிச் சாமான்களின்மீது மோகம் பிறந்ததைக் கிரகசாரம் என்பதல்லாமல் வேறென்ன சொல்வது?

மோகத்துக்குத் தீனி போடப் பெங்களூரைப் போன்ற ஊர் கிடையாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசுவுக்கு அஞ்சிய பட்டாளம் 1809-இல் இங்கே வந்து இறங்கியது முதல், 1947-இல் மூட்டை கட்டியது வரை, துரைமார்கள் உண்டதும் பருகியதும் விருந்து வைத்ததும் ‘தண்டு’ என்று நம்மவர் சொல்லும் கண்டோன்மெண்டில்தான். கப்பலேறும்போது சுமக்க மாட்டாமல் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஏலங்களில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நான் போகும் கூடத்தில் ஏலம் போடுகிறவர் கன்னடத்தில் வரவேற்பார், ஆங்கிலத்தில் வர்ணிப்பார், ‘ஒருதரம், ரெண்டுதரம்’ என்பதை மட்டும் சுத்தத் தமிழில் சொல்லிப் பணத்தைப் பறித்துவிடுவார். எந்தக் கரண்டியை எடுத்தாலும், 1896-இல் இளம் பட்டாள அதிகாரியாக இங்கு வந்த சர்ச்சில் அதில் சூப் குடித்ததாக ஒரு ஸ்தலபுராணமும் உண்டு. சர்ச்சில் பாக்கி வைத்துப்போன பதின்மூன்று ரூபாய், பெங்களூர் கிளப்பின் பழைய பதிவேட்டில் வராக்கடன் வரிசையில் இன்றும் இருக்கிறது என்பது மெய். ஆனால் ஏலக்கூடத்தார் கணக்குப்படி அவர் உபயோகித்த கரண்டிகளையெல்லாம் ஈடாக வாங்கி வைத்திருந்தால், அந்தக் கிளப் வட்டிக்கடையே நடத்தியிருக்கலாம்.

முதலில் ஏமாந்தேன். அடியில் ‘இ.பி.என்.எஸ்.’ என்று பொறித்திருந்ததை ஏதோ லண்டன் சர்வகலாசாலைப் பட்டம் என்று பாவித்துப் பெரும் விலை கொடுத்து வாங்கிய தேநீர்க் கெண்டி, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்துக்கு மின்சார முலாம் பூசிய சரக்கு என்பதும், உள்ளே ஒரு குந்துமணி வெள்ளிகூட இல்லாத அந்த உலோகத்துக்கு ‘நிக்கல் வெள்ளி’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்தன. பெருங்காயம் இல்லாத பெருங்காய டப்பாவுக்காவது வாசனை இருக்கும்.

அதற்குப் பிறகே பூதக்கண்ணாடி வாங்கி முத்திரை சாஸ்திரம் கற்றேன். சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கிரீடம் என்றால், 1974 வரையில், ஷெபீல்டு. கடற்கரையே இல்லாத பர்மிங்ஹாமுக்கு என்ன காரணத்தாலோ நங்கூரம். ஆண்டுக்கு ஓர் எழுத்து. 1784 முதல் 1890 வரை, வரி செலுத்தியதற்கு அத்தாட்சியாக அரசர் தலை. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி என்று சத்தியம் செய்துகொண்டு, வலது முன்னங்காலைத் தூக்கியபடி நடைபோடும் ஒரு சிங்கம். மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜப் பெருமானும் வலது காலைத்தான் தூக்கியிருக்கிறார். வெள்ளிக்கும் வலது காலுக்கும் ஏதோ பூர்வ பந்தம் இருப்பதாக நான் சொல்லப்போக, “சுவாமியோடு ஸ்பூனைச் சேர்த்துப் பேசாதேங்கோ” என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது.

சேர்த்தது நானல்ல என்பது இரண்டு வருஷம் கழித்து நிரூபணமாயிற்று.

மூன்றாம் ஜார்ஜின் தலையும் சிங்கமும் தெளிவாக விழுந்த, ஒரு சாண் நீளமுள்ள, ஒல்லியான ஓர் அபூர்வக் கரண்டியை ஏலத்தில் எடுத்திருந்தேன்: இரு முனையிலும் வாய்க்கால்போல் குழிந்திருந்தது, ஒன்று சற்று அகலம், மற்றது மிகக் குறுகல். அதன் பிரயோஜனம் எனக்குப் புலப்படவில்லை. என் மனைவிக்குப் புலப்பட்டது. குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் நெய் வார்க்க இதைப்போல் வேறொன்று இல்லை என்று கண்டறிந்து, ஆங்கிலேயரின் புத்தியை வாழ்நாளில் முதல்முறையாகச் சிலாகித்து, அதைப் பூஜை அறையில் பஞ்சபாத்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்தாபித்துவிட்டாள்.

நவராத்திரிச் சுண்டலுக்கு வந்திருந்த, பட்டாளத்தில் ஓய்வுபெற்ற குடகு நண்பர் அதைப் பார்த்தார். “அடடா, மேரோ ஸ்கூப்! எங்கள் மெஸ்ஸில் ஒன்று இருந்தது. ஆட்டெலும்பு, மாட்டெலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை நோண்டிச் சாப்பிட இதுதான் சார் லாயக்கு” என்றார், வெகு சந்தோஷத்தோடு.

அந்த நிமிஷத்தில் என் மனம் பற்றிக்கொண்ட ஆறுதல், விசித்திரமாக, மதராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனி. போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவர்கள் கெண்டியிலும் பால் குவளையிலும் நம் தெய்வங்களை வரிசையாகப் புடைத்தெடுத்து ‘சுவாமி’ வேலைப்பாடு என்று துரைமார்களுக்கு விற்றார்கள். 1875-இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கே அப்படியொரு தேநீர்ச் செட் போயிற்று. நம் சுவாமி அவர்கள் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். அவர்கள் எலும்புக்கரண்டி நம் சுவாமியிடம் வந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று வாதிடத் தயாராக நின்றேன்.

வாதத்துக்கு அவசியம் நேரவில்லை. மறுநாள் காலை அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கரண்டியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவென்யூ ரோட்டுக்குப் போய், வெள்ளிக் கடையில் உரைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“தொண்ணூத்திரண்டரை டச், அஞ்சு தோலா. நம்ம கொலுசைவிட ஒசத்தி. வெள்ளிக்குத் தோஷமில்லை, ஜலம் விட்டால் சுத்தம்” என்று தீர்ப்புச் சொல்லி, வழக்கம்போல் விபூதி போட்டுத் தேய்த்து, சாயங்காலம் அதனாலேயே விளக்குக்கு நெய் வார்த்தாள்.

இன்றும் அதுதான் நெய்க்கரண்டி. வெள்ளிக்கிழமை தவறாத விபூதித் தேய்ப்பில் ஜார்ஜ் மன்னரின் மூக்கு போய்விட்டது. சிங்கம் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது.