கட்டியவரும் கட்டாதவரும்

பெறுநர்:
இரவு உணவு உடைக் கட்டுப்பாட்டுக் குழுவினர்,
பெங்களூரின் பழைய கிளப்புகள், புதிய மால்கள் மற்றும் ஊர்ப்பக்கம் வராத கப்பல்கள்.

பொருள்: சாப்பிட வருகிறவர் எதைக் கட்டியிருக்க வேண்டும் என்பது – விளக்கமும் திருத்தமும் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

இரவு உணவு உடைக் கட்டுப்பாடு என்பது, சாப்பிட வயிறு மட்டும் இருந்தால் போதாது, சட்டைக்குக் காலரும் காலுக்கு ஷூவும் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் விதி. ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகையில் பிறந்து, கப்பலில் வளர்ந்து, கிளப்பில் குடும்பம் நடத்திய இந்த விதி, இப்போது மால் வாசலில் தன் முதுமைக் காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறது. பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஊர் இருப்பதோ கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகும், பெங்களூர்வாசி சதாப்தி ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போனால்தான் அந்தக் கப்பலைக் கண்ணால் பார்க்க முடியும். அப்படியிருக்க, கப்பல் மேசையின் விதி இவ்வளவு உயரம் ஏறி வந்தது எப்படி என்பதை வரிசையாக விளக்கி, முடிவில் ஒரு திருத்தத்தைக் குழுவின் பார்வைக்கு வைப்பது இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் மூலம். இரவு விருந்துக்குரிய விசேஷ உடையாக இன்று கருதப்படும் டின்னர் ஜாக்கெட், 1865-ல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்காக லண்டன் சாவில் ரோ தையற்கடைக்காரரான ஹென்றி பூல் தைத்தது. அதுவரை இரவு உணவுக்குப் பின்பக்கம் வால் தொங்கும் நீளக் கோட் போட வேண்டும். வீட்டில் நெருங்கியவர்களோடு சாப்பிடும்போதாவது அந்த வால் வேண்டாம் என்று நினைத்த இளவரசர், குட்டையாக ஒன்று தைத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1886-ல் தொடங்கப்பட்ட டக்சீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பு அதற்கு இன்னொரு பெயரைக் கொடுத்தது. நம் வழக்கில் சொன்னால், அது இளவரசரின் லுங்கி. கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கத் தைத்த உடையே கட்டுப்பாடாக மாறிய வரலாற்றைக் குழுவினர் அறிந்திருக்கக் கூடும். வாசலில் நிற்கும் காவலாளிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து கப்பல். பெரிய பயணக் கப்பல்களில் பகல் வேறு, இரவு வேறு. குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் மாலை 6 மணி அடித்தால் உடை விதி மாறிவிடும். ‘காலா’ என்னும் கொண்டாட்ட இரவு என்று குறித்த நாட்களில் டக்சீடோ, கருநிற சூட், பெண்களுக்கு நீள கவுன் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட் பாவாடைக்கும், அவரவர் நாட்டு விசேஷ உடைக்கும் இடமுண்டு. ஆக, அட்லாண்டிக் நடுவே பட்டு வேட்டியோடு போய் உட்கார்ந்து சூப் குடிக்க விதி இடம் தருகிறது. அந்த விதியைக் கரையில் இறக்கி வைத்தபோதுதான் வேட்டி மட்டும் நடுக்கடலில் விடப்பட்டது.

கப்பல் மேசையைப் பார்த்துப் பயந்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் மோகன்தாஸ் காந்தி. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. வெட்கத்தில் உணவுக்கூடத்துக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள் வைத்தே சாப்பிட்டு நாளை ஓட்டினார். கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். இங்கிலாந்தில் இறங்கினால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-ல் மறுபடியும் கப்பலேறினார்; அதே அரையாடையில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் மன்னரின் தேநீர் விருந்தில் கலந்துகொண்டார். அரண்மனை வாசலில் யாரும் பேன்ட் மாற்றிவரச் சொல்லவில்லை. குழுவின் விதிப் புத்தகம் அரண்மனையைவிடக் கறாரானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கப்பலைத் தரையில் கட்டினால் அதற்குப் பெயர் கிளப். வெளியுலகம் தெரியாத மதில், உள்ளே உத்தியோகப் படிநிலை, மணியடித்தால் சாப்பாடு, கையெழுத்துப் போட்டால் மது என எல்லாம் கப்பலில் உள்ளபடியே இருக்கும்; தண்ணீர் மட்டும் குழாயில் வரும். பெங்களூர் கிளப் 1868-ல் பிரிட்டிஷ் படை அதிகாரிகளால் தொடங்கப்பட்டது. 1896-ல் இந்த ஊர் கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்த குதிரைப்படை இளம் அதிகாரி ஒருவர் அதன் உறுப்பினர். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்தக் காலத்துப் படை அதிகாரிக்கு இரவு உணவுக்கென்றே தனி மெஸ் உடை உண்டு. காலர், பொத்தான், பின்னல் வேலைப்பாடு ஒன்றிலும் குறை வைக்க முடியாது. அவர் ஊரைவிட்டுப் போன பிறகு, 1899 ஜூன் 1-ந் தேதியிட்ட கிளப் பேரேட்டில் வசூலாகாத பாக்கிதாரர்கள் 17 பேரின் பட்டியல் எழுதப்பட்டது. அதில் லெஃப்டினன்ட் சர்ச்சிலின் பெயருக்கு நேரே 13 ரூபாய் நிற்கிறது. பிரிட்டனின் பிரதமராகி, உலகப்போர் நடத்தி, நோபல் பரிசும் வாங்கிய பிறகும் அது வந்துசேரவில்லை. கிளப்பின் வருமான வரி வழக்கில் 2013-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட அந்தப் பாக்கியை நினைவுகூர்ந்தது. அந்தப் பேரேடு இன்று பெருமைக்குரிய காட்சிப்பொருள். ஒழுங்காக உடுத்தியவர் பில்லைக் கட்டாமல் போனால் அது சரித்திரம்.

தலைப்பாகையின் கதை இதற்கு நேர் எதிர். கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் செஞ்சுரி கிளப், 1917-ல் மைசூர் திவான் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் உருவானது. இந்திய முறையில் தலைப்பாகையோடு போன அவரை வெள்ளையர் கிளப்பில் உள்ளே விடாததால்தான் தனியாக ஒரு கிளப் பிறந்தது என்று இந்த ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். கிருஷ்ணராஜசாகர் அணையை எழுப்பிய பொறியாளரின் மைசூர்த் தலைப்பாகை சாப்பாட்டு மேசைக்குத் தகுதியில்லாமல் போனதாம். ஆனால் அந்தக் காலத்துக் கிளப்புகளில் தட்டு ஏந்தி வந்த பேரர் தலையில் முண்டாசு, இடுப்பில் பட்டுக் கச்சை. பெரிய ஓட்டல்களில் கார்க் கதவைத் திறந்துவிடுகிறவர் தலையில் இன்றும் அதே முண்டாசுதான், விசிறி மடிப்பும் சரிகையுமாக. தலைப்பாகை உள்ளே வரலாம். கையில் தட்டு இருக்க வேண்டும் என்பதே விதியின் முழு வடிவம். இந்தப் பின்பாதியை அறிவிப்புப் பலகையில் எழுத இடம் போதவில்லை போலும்.

வேட்டி விஷயத்தில் வழக்கு சட்டசபை வரை போனது. 2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு, உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்தார். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். நாள்தோறும் அடுத்தவரின் உரிமைக்குத் தீர்ப்பெழுதுகிறவருக்குத் தன் இடுப்புத் துணிக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரைக் கிளப் முதலான பொது இடங்களில் தடுத்தால் உரிமம் ரத்து. ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டம் ஓசூர் தாண்டி ஜூஜுவாடி எல்லையோடு நின்றுவிடும். கர்நாடகத்தின் அத்திப்பள்ளிப் பக்கம் கால் வைத்ததும் அதே துணி பஞ்சே என்று கன்னடப் பெயர் பெறுகிறது. சட்டப் பாதுகாப்பைச் சோதனைச்சாவடியில் விட்டுவிடுகிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் 2024-ல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. பிப்ரவரியில், ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் தலையில் மூட்டையோடு வந்த ஒரு விவசாயி, உடை அழுக்காக இருக்கிறது என்று தடுக்கப்பட்டார். அவர் கையில் டிக்கெட் இருந்தது. பக்கத்தில் நின்ற பயணிகள் சண்டை பிடித்த பிறகே உள்ளே போக முடிந்தது. பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலையிழந்தார். ஜூலையில் மாகடி சாலை ஜி.டி. வேர்ல்ட் மாலுக்கு, ஹாவேரி மாவட்டத்து விவசாயி ஒருவர் மகனோடு சினிமா பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பஞ்சே, எழுபது வயது. பேன்ட் போட்டு வந்தால்தான் அனுமதி என்றது வாசல். இவரிடமும் டிக்கெட் இருந்தது. ஊர் கொதித்தது, மால் மன்னிப்புக் கேட்டது, அரசு ஏழு நாள் மாலின் கதவை மூடவைத்தது. அந்தக் களேபரத்தில் இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. மால் சொத்துவரியில் 1.78 கோடி ரூபாய் பாக்கி என்றது மாநகராட்சி. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர் வெளியே நிற்க, வரி கட்டாத கட்டடம் அவரைப் பார்த்து உடை சரியில்லை என்று சொன்ன காட்சி, பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது.

விதியின் பக்கம் சொல்லப்படும் காரணம், வேட்டி ‘ஃபார்மல்’ அல்ல என்பது. இது துணியைப் பற்றிய அறியாமை. நாலு முழமோ எட்டு முழமோ, வேட்டிக்குள் இரண்டு உடைகள் இருக்கின்றன. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் வேலை உடை. வயலில் இறங்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், வம்புக்கும் போகலாம். பெரியவர் எதிரே வந்தால் இடுப்பில் செருகிய முனையை விரல் நுனியால் தட்டிவிட வேண்டும். துணி சரசரவென்று கணுக்கால் வரை இறங்கும். அதே நொடியில் மரியாதை உடை ஆகிவிடும். கப்பல் பயணி இந்த மாற்றத்துக்கு அறைக்குப் போய், பெட்டி திறந்து, பொத்தான் பூட்டி, கழுத்தில் வில் முடிச்சுப் போட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறார். வேட்டிக்காரருக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும்.

பழியைக் குழுவின் தலையில் மட்டும் போடுவதும் நியாயமல்ல. உடையைக் காட்டி ஆளை நிறுத்தும் வித்தையை இந்த மண் வெள்ளைக்காரரிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. துண்டை யார் தோளில் போடலாம், யார் கக்கத்தில் இடுக்க வேண்டும், எந்தத் தெருவில் யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் எழுதாத சட்டம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்கான போராட்டம் 1822-ல் தொடங்கி 1859 வரை நீண்டது. அங்கே கூடுதலாக உடுத்தியது குற்றம். இங்கே குறைவாகத் தைத்தது குற்றம். அளவுகோல் எப்போதும் துணியைத் தொடுவதே இல்லை. துணிக்குள் இருப்பவரை மட்டும் அளக்கிறது.

கடல்வழி வந்த விதியைக் கடற்படையே தளர்த்திவிட்டது என்பதையும் குழு கவனிக்கலாம். இந்தியக் கடற்படை 2024-ல் தன் அதிகாரிகளின் மெஸ்களில் குர்தா பைஜாமாவை அனுமதித்தது. முழங்காலுக்குச் சற்று மேல் நிற்கும் ஒற்றை நிறக் குர்தா, கையில்லாத மேல்கோட், காலுக்கு ஷூ அல்லது செருப்பு என்று அளவும் சொன்னது. போர்க்கப்பலுக்குள் மட்டும் கூடாது. பீரங்கி வைத்திருப்பவர்கள் இறங்கிவந்த பிறகு, சீட்டாட்ட அறை வைத்திருப்பவர்கள் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

எனவே பின்வரும் திருத்தம் முன்வைக்கப்படுகிறது. ‘கட்டுவது’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு உடுத்துவது, பணம் செலுத்துவது என இரண்டு பொருள்கள். விதி முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு மாறினால் போதும்.

1. வாசலில் வருகிறவர் என்ன கட்டியிருக்கிறார் என்று பார்ப்பதை நிறுத்தி, கட்ட வேண்டியதைக் கட்டியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

2. பாக்கி இல்லாதவர் நாலு முழம் கட்டி வந்தாலும் ஜன்னலோர மேசை. பாக்கி உள்ளவர் டக்சீடோவில் வந்தாலும் காத்திருப்பு பெஞ்ச்.

3. தட்டு ஏந்துபவருக்கு அழகென்று கருதப்படும் எந்த உடையும் தட்டின் எதிரே உட்காருபவருக்கும் அழகே என்று கொள்ள வேண்டும்.

4. உடைக் கட்டுப்பாட்டுப் பலகை தொங்கிய ஆணியில், அந்த நிறுவனத்தின் சொத்துவரி ரசீதைத் தொங்கவிட வேண்டும். காவலாளி அதைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் நிர்வாகத்தையும் வெளியே நிறுத்தலாம்.

திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளில் முதலில் எடுத்துக்கொள்ள ஒரு கணக்கு தயாராக இருக்கிறது: 01.06.1899, ரூ.13. அந்த உறுப்பினரின் உடையைப் பற்றி இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

இப்படிக்கு,
கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வாசலில் நிற்பவர்கள்,
பெங்களூரு.