சுள்ளிக்கல்லில் பழைய பேஸ் கிதார் வைத்துக்கொள்வது எப்படி

பேஸ் கிதார் வாங்குவது என்று தீர்மானித்துவிட்டவரைத் தடுத்துப் பயனில்லை. அதிலும் வயிற்றில் வெறும் காற்றுள்ள, வயலின் உடம்பு கொண்ட, அறுபது வயது தாண்டிய ஒன்றைத்தான் வாங்குவேன் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார், அதுவும் கொச்சியின் சுள்ளிக்கல்லில் குடியிருந்துகொண்டே நிற்கிறார் என்றால், அவரை ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாது. கீழே உள்ள ஆலோசனைகள் திருத்துவதற்கு அல்ல, சேதாரத்தைக் குறைப்பதற்கு.

பேச்சு ஹோஃப்னர் 500/1 பற்றியது. ஹோஃப்னர் என்பது 1887இல் ஷோன்பாக் என்ற ஊரில் கார்ல் ஹோஃப்னர் தொடங்கிய வயலின் பட்டறை. அந்த ஊர் இன்று செக் நாட்டில் லூபி என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன்காரர்களெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஹோஃப்னர் குடும்பம் பவேரியாவின் புபென்ரொய்த்தில் மறுபடி கடை விரித்தது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கனத்த மரப்பலகையில் மின்சார பேஸ் கிதார் செய்து விற்க ஆரம்பித்தபோது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரிந்தது வயலின் வேலை. ஐம்பதுகளின் நடுவில் அதே வளைந்த இடுப்போடு, உள்ளே பொள்ளலாக, மேலே இரண்டு பிக்கப் வைத்து ஒரு பேஸைச் செய்து முடித்தார்கள். 1961இல் ஹாம்பர்கில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி சுமார் 30 பவுண்டுக்கு ஒன்றை வாங்கினார். அவர் இடக்கைக்காரர். இரு பக்கமும் ஒரே அச்சாக இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவர் சொன்ன ஒரு காரணம். ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை என்பது இன்னொன்று.

விளைவை நீங்கள் அனுபவிக்கப்போகிறீர்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் “பீட்டில்ஸ்!” என்பார்கள். என்ன வாசிப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எங்கே வாங்குவது? ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் என்று மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம். அங்கே ஆயிரம் பேருக்குப் பாயசம் காய்ச்சக்கூடிய வார்ப்பு இருக்கும், கதவு இருக்கும், கதவு போன வீட்டின் தூண் இருக்கும். பேஸ் இருக்காது. பழைய வாத்தியம் மேற்குக் கொச்சியில் வீடுகளிலிருந்துதான் வரும், வரும்போது கதையோடு வரும். கதை ஒன்றே ஒன்றுதான்: கப்பலில் வேலை பார்த்த அப்பாப்பன் ஹாம்பர்கிலிருந்து கொண்டுவந்தது. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டினால் வில்லிங்டன் தீவும் துறைமுகமும் இருப்பதால் இதைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. கதையைக் கேளுங்கள், கொடுக்கிற கட்டஞ்சாயாவைக் குடியுங்கள், கதைக்கென்று தனியாகப் பணம் மட்டும் கொடுக்காதீர்கள். தலையில் ஒட்டியிருக்கும் பெயரையும் நம்பவேண்டாம். கல்கத்தாவிலிருந்து கிவ்ஸன் என்று பெயர் போட்டே கிதார் வருகிற நாடு இது.

வயலின் பேஸில் வயலினுக்கு இருக்கும் துளைகள் கிடையாது. உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். பிக்கப்பைக் கழற்றினால் கொஞ்சம் தெரியும், விற்கிறவர் கழற்ற விடமாட்டார். மேல்பலகையை விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே சீராக டொக் டொக் என்று வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் கரகரத்தால் அங்கே பசை விட்டிருக்கிறது. கழுத்து உடம்போடு சேருமிடத்தில் நகம் நுழையக் கூடாது. ஓரத்து வெள்ளைப் பட்டி செல்லுலாய்ட். அது மஞ்சளாகியிருந்தால் வயசு, பொடிப்பொடியாக உதிர்ந்தால் வியாதி.

இனி மழை.

மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் விலாவும் மேப்பிள். இரண்டும் பனி கண்ட மரம். கிதாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதம் வரை இருப்பது நல்லது என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். ஜூன், ஜூலையில் கொச்சியில் அது 85ஐத் தாண்டி நிற்கும். மின்விசிறியைப் போட்டால் ஈரமான காற்று வேகமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மேல்பலகை ஊதும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ் உயரும், தந்தி விரல்பலகையை விட்டு எழும்பும், நேற்று வரை வழுக்கிக்கொண்டு ஓடிய விரல் இன்று மாவாட்டும். பெட்டியில் பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர் பெட்டியின் உள்துணியை ஒருமுறை மோந்து பார்க்கட்டும். அந்தப் பட்டுத்துணியில் பூஞ்சைதான் முதலில் குடியேறும்.

ஆகவே சிக்கனமான வழி: ஒரு ஹைக்ரோமீட்டர், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மாதம் ஒருமுறை அவற்றைச் சூடாக்கி உலர்த்தும் பொறுமை. அலமாரியில் சின்ன குண்டு பல்பு எரியவிடுகிற பழைய வழக்கம் கேமராவுக்குச் சரி, இதற்கு வேண்டாம். பல்புக்குப் பக்கத்தில் இருக்கிற பாகம் மட்டும் காய்ந்து வெடிக்கும். அறைக்கு ஏசி போட்டு இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டலாம். மின்வாரிய பில் வரும்போது பேஸை விற்க வேண்டியிருக்கும், பிரச்சினை இரண்டும் தீர்ந்தது. மழை கொட்டும் கர்க்கடக மாசத்தில் ஊரே எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொள்ளும். உங்கள் உடம்புக்குச் செய்யுங்கள், கிதாருக்கு வேண்டாம். விரல்பலகைக்கு மட்டும் வருஷத்தில் ஒருமுறை ஒரு சொட்டு போதும், துடைத்தும் எடுத்துவிட வேண்டும்.

எர்ணாகுளத்தில் கச்சேரி என்றால் ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோவில் கொண்டுபோகலாம், படகுக்குள் குளுகுளு. இறங்கிய இடத்தில் உச்சி வெயில். பழைய வார்னிஷ் இப்படித்தான் சிலந்தி வலையாகக் கீறல் விடுகிறது. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பேஸ் வாசிப்பவருக்குக் காத்திருப்பது எப்படியும் பழக்கம்.

இங்கே ஒரு உபகதை. மெக்கார்ட்னியின் அந்த முதல் பேஸ் 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவுபோனது. தேடித் தேடி, அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கிடைத்தது இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில். சில பழுதுகள் பார்க்க வேண்டியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் பேஸைப் பரணில் போட வேண்டாம். அங்கத்திய பரண் வேறு. சுள்ளிக்கல் பரணில் இரண்டு கர்க்கடகம் தாங்காது, முதலில் கரையானும் பிறகு எலியும் வாசித்துவிடும்.

தந்தி மாற்றுவதுதான் உண்மையான பரீட்சை. இந்த பேஸின் பிரிட்ஜ் ஒரு கருங்காலிக் கட்டை. அதன்மேல் நான்கு ஃப்ரெட் கம்பித் துண்டுகள் செருகியிருக்கும். அந்தக் கட்டை எதிலும் ஒட்டியிருக்காது, திருகாணியும் கிடையாது. தந்திகளின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினீர்களானால் பிரிட்ஜ் கட்டிலுக்கடியில் போய்விடும், அது எங்கே நின்றது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். முன்கூட்டியே கட்டையின் காலைச் சுற்றி மெல்லிய காகித டேப்பில் அடையாளம் வையுங்கள். அதையும் மீறி விழுந்துவிட்டதென்றால் தையல்காரர் டேப்பை எடுங்கள். கழுத்தின் உச்சியிலுள்ள நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 38 சென்டிமீட்டர். அங்கிருந்து அதே 38க்குச் சற்றுத் தள்ளி பிரிட்ஜ். பிறகு திறந்த தந்தியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியும் ட்யூனரில் ஒன்றையே காட்டும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். மயிரிழை என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல.

தந்தி வாங்கக் கடைக்குப் போனால் “பேஸ் தந்திதானே?” என்று நீளமான சாதாரண செட்டை எடுத்து நீட்டுவார்கள். இது குட்டை ஸ்கேல். ஆனால் தந்தி பின்னாலுள்ள வால்பிடி வரை போக வேண்டும் என்பதால் குட்டை ஸ்கேல் செட் என்று எழுதிய எல்லாமே பொருந்திவிடாது. இந்த வயலின் பேஸுக்கென்றே லா பெல்லா, பிரமிட் போன்றவர்கள் தட்டைச் சுற்று தந்தி செய்கிறார்கள். விலையைப் பார்த்ததும் ஒரு உண்மை புரியும்: தட்டைச் சுற்று தந்தியை வருஷக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை.

சுவிட்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் ‘பேஸ்’, ‘டிரெபிள்’, ‘ரிதம்’, ‘சோலோ’ என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் சம்பந்தம் தேடாதீர்கள். சத்தம் நன்றாக வரும் நிலையைக் கண்டுபிடித்த அன்றே அதன்மேல் டேப் ஒட்டிவிடுவது உத்தமம்.

அடுத்தது அக்கம்பக்கம். சுள்ளிக்கல் சந்துகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் இன்னொரு வீட்டுக்கும் சுவர். கிதார்காரர் வாசிப்பது அந்தச் சுவரோடு நின்றுபோகும். உங்களுடையது நிற்காது. பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அடுத்த ஏ தந்தி 55. இவ்வளவு கீழான ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. அடுத்த வீட்டு அம்மச்சியிடம், “சத்தம் தொந்தரவா இருக்கா அம்மச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். “சத்தமா? ஒண்ணும் கேக்கலையே மோனே. அலமாரிதான் சாயங்காலமானா தானா நடுங்குது” என்பார். அவர் வீட்டு ஸ்டீல் அலமாரியின் கதவு ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் கிடுகிடுக்கும், பெரும்பாலும் ஏ. அந்தச் சுரம் எது என்று கண்டுபிடித்து, பாங்கு நேரத்திலும் ஏழு மணி ஜெபமாலை நேரத்திலும் அதைத் தவிர்ப்பதற்குப் பெயர்தான் நல்லிணக்கம். அல்லது அலமாரிக் கதவிடுக்கில் ஒரு அட்டைத்துண்டு செருகிக் கொடுத்துவிட்டு வரலாம். கூடவே ஒரு அச்சப்பமும் கிடைக்கும்.

ஆம்பை எதிரில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினால், பொள்ளல் உடம்பு அந்தச் சத்தத்தைத் தானே வாங்கி மறுபடி ஊளையிடும். கொஞ்சம் விலகி, ஆம்புக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சுள்ளிக்கல் அறையில் விலக இடமிருக்காது. வாசற்படியில் நின்று வாசியுங்கள், போகிறவர் வருகிறவர் பழகிவிடுவார்கள்.

மேடை கிடைப்பதும் நடக்கும். இது கானமேளா ஊர். ஆபேலச்சன் என்ற பாதிரியார் 1969இல் தொடங்கிய கலாபவன் குழு வழியாக எத்தனையோ பேர் மேடையேறினார்கள். ராக் என்றால் சீலார்டு ஓட்டலில் வாசித்து வளர்ந்த 13ஏடி குழுவைச் சொல்லாத ஆள் இல்லை. டிசம்பர் கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்ஞி பொம்மையை எரிக்கும் வரை ஏதாவதொரு குழுவுக்கு பேஸ் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். மேடைக்கான சட்டையை, வெளி என்ற இடத்திலுள்ள தோபிகானாவில் போடுங்கள். தமிழில் சொல்லியே இஸ்திரி வாங்கலாம், தலைமுறைகளுக்கு முன் வந்த நம்மவர்கள்தான் அங்கே துவைக்கிறார்கள்.

பெருநாள் மேடையில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மைக் ஒரு பிளக்கிலும் ஆம்ப் வேறொரு பிளக்கிலும் இருந்து, ஒன்றில் எர்த் இல்லையென்றால், தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு பட்ட கணம் ஷாக் அடிக்கும். மழை நனைந்த மேடையில் உயிரே போகலாம். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நீங்களே போய்ப் பாருங்கள்.

மெஹ்ஃபில் கச்சேரிக்கு மட்டும் பேஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மெஹ்பூப் பாய் பாடிய, உம்பாயி கஸல் வளர்த்த மட்டாஞ்சேரியில் ஆர்மோனியமும் தபலாவும் போதும். உங்கள் வேலையைத் தபலாவின் இடது கை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது, உங்களைவிட நன்றாக. பாயில் உட்கார்ந்து கேளுங்கள், பாடம் இலவசம்.

கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது, அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை அசைக்க முடியாது. நல்ல ஹெட்ஃபோனில் 1980இல் வந்த நிழல்கள் படத்தின் ‘மடை திறந்து’ பாட்டைப் போட்டு, பாடகரை மறந்து கீழே மட்டும் கவனியுங்கள். இளையராஜா பேஸுக்கும் தனியாக ஒரு மெட்டு எழுதுகிற ஆள். அவரிடம் பல காலம் வாசித்த சசிதரனின் பெயரும், ரகுமான் பாட்டுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரும் ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். புகழுக்காக பேஸ் எடுத்தவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இறங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் ஆணியடித்து மாட்டவும், விருந்தாளிக்குக் காட்டவும் மட்டும் இதை வைத்திருக்கிறீர்கள் என்றால், எடுத்து உங்கள் பாரிஷ் குவையரில் பேஸ் இல்லாமல் கீபோர்டின் இடது பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு இரவல் கொடுங்கள். கீறல் விழும், பாதகமில்லை, ஏற்கெனவே நிறைய இருக்கிறது. தந்தியை முழுசாகத் தளர்த்தி மட்டும் அனுப்பாதீர்கள். பிரிட்ஜ் விழுந்துவிடும், 38 சென்டிமீட்டர் கணக்கு அவனுக்குத் தெரியாது.