சனிக்கிழமைச் சோழன்

மலேசியாவில் பினாங்கிலோ சிந்தோக்கிலோ செமிலிங்கிலோ படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவராவது இப்படி அமைந்துவிடுவார். முதல் மாதம் வகுப்பு. இரண்டாம் மாதம் அம்மா கைச் சாம்பார் ஏக்கம். மூன்றாம் மாதம் ராஜேந்திர சோழன்.

அந்த மூன்றாம் மாதத்தில் எப்படியோ என் கைப்பேசி எண் அந்தப் பிள்ளை கைக்குப் போய்விடும். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பீடோங்வாசி, சொந்தக் காடி உண்டு, வேறு வேலை இல்லை. இவ்வளவு தகுதி போதாதா?

"ஞாயித்துக்கிழமை கடாரம் பார்க்கப் போலாமா, அங்கிள்?"

"தம்பி, உங்க கடாரமாகிய கெடாவில் ஞாயிறு வேலைநாள். வெள்ளியும் சனியும்தான் விடுமுறை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. படையெடுப்புக்கு நாள் குறித்துவிட்டு, பகைநாட்டுப் பஞ்சாங்கம் வேறு என்று தெரிந்துகொண்ட தளபதியின் மௌனம் அது.

இந்த ஆண்டு வாய்த்தவர் நாகப்பட்டினத்துப் பிள்ளை, மருத்துவ மாணவர். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கறுப்புச் சட்டையில் புலி பாய நின்றார். காலில் பளபளவென்று புது வெள்ளைச் சப்பாத்து. "மலையடிவாரம், நேற்று மழை வேறு, பழைய செருப்பு இல்லையா?" என்று கேட்டேன். "போட்டோவுக்கு இதுதான் அங்கிள்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்று தெரியும்.

காடி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார். எதிரே ஹார்வர்ட் தோட்டத்துப் பெயர்ப்பலகை. ஹார்வர்டும் டப்ளினும் எங்கள் கெடாவில் தோட்டங்கள். வெள்ளைக்காரத் துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்கள். பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். 'ஹார்வர்டில் இருக்கிறேன்.' ஐந்தாவது நிமிஷம் மன்னார்குடி மாமா வாழ்த்து அனுப்பிவிட்டார். அதை மறுத்து எழுதத் தம்பிக்குக் கடைசிவரை நேரம் கிடைக்கவில்லை.

பீடோங் கடைத்தெருவைத் தாண்டும்போது எனக்குப் பழைய வாத்தியார்ப் புத்தி வந்துவிட்டது. 1947-இல் தோட்டத்து ஆட்கள், தொண்டர் படை என்று பெயர் வைத்துக்கொண்டு, கள்ளுக்கடையை மூடச் சொல்லி இந்த வட்டாரத்தில்தான் கிளம்பினார்கள், ஏ.எம். சாமி என்பவர் தலைவர். போலீஸ் தடியோடு வந்தது, உயிரும் போனது என்று விவரித்தேன். தம்பி மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சூப்பர் அங்கிள். இதுல சோழர் எங்க வர்றாங்க?"

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பின்னால் படியேறினால் புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் இங்கே கோயில். 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி தோண்டிப் பார்த்தது. 1959-60-இல் அலஸ்டர் லாம்ப் கல்லுக்குக் கல் அடுக்கி நிமிர்த்தியது. பக்கத்தில் ஓடை சலசலக்கும். கருவறை மேடை, அதற்கு முன்னால் மண்டபத் தரை, மரத்தூண்கள் நின்ற கல் பீடங்கள். அவ்வளவுதான். மேலே இருந்த மரமும் கூரையும் எங்கள் மழைக்கு என்றைக்கோ இரையாகிவிட்டன.

தம்பி ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொருமுறை சுற்றினார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் தம்பியை எதிர்பார்த்து வந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"கோபுரம் எங்க அங்கிள்?"

"இருக்கிறது இவ்வளவுதான்."

"இது ராஜேந்திரன் கட்டினதுதானே?"

அவர் படை 1025-இல் வந்தது, அடித்தது, அவர் 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூடிக்கொண்டார். செங்கல் சுமந்ததாக மெய்க்கீர்த்தியில்கூட இல்லை என்றேன். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், சோழர் கப்பல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே தொழில் நடந்திருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். தம்பியின் சட்டைப் புலி லேசாகத் தலை தொங்கியது.

பாவமாக இருந்தது. ஆனாலும் கையில் இருந்த துருப்புச் சீட்டை இறக்காமல் இருக்க முடியவில்லை. "தம்பி, கட்டினது எங்க ஆள்தான், உங்க ஊர்ல. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தான். லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. நீங்க பார்த்ததில்லையா?"

"எங்க ஊர்லயா? எங்க இருக்கு?"

"1867-இல் இடித்துவிட்டார்கள். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. இங்கே ஒரு சண்டியை 2013-இல் வீடு கட்டுகிறவர்கள் இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள்."

இதற்குப் பிறகு தம்பி படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டார் என்றால், நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பசியாற வைக்காமல் அனுப்பினால் வீட்டுக்காரம்மா என்னைத் திட்டுவாள் என்று, திரும்பும் வழியில் எனக்குத் தெரிந்த பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனேன். சுற்றிலும் செம்பனை. பழைய தோட்ட லயத்தில் இன்னும் பூட்டு விழாத ஒன்றிரண்டு வீடுகளில் அதுவும் ஒன்று. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மங்கு மங்காக ரப்பர்ப் பால் எடுத்தவர். இப்போது ஆடு வளர்க்கிறார்.

தம்பியின் கண் நேரே சுவருக்குப் போனது. ஆணியில் ஒரு கத்தி தொங்கியது. நுனி மடங்கி, கைப்பிடி உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து வழவழத்திருந்தது.

"பாட்டி! இது பரம்பரை ஆயுதமா?"

"பால் வெட்டுற கத்தி. தொடாதப்பா, ஆட்டுக்குத் தழை வெட்டணும்."

ரொட்டியும் கோழிக் குழம்பும் வந்தன. சம்மணம் போட்டு உட்கார்ந்த தம்பி திடீரென்று வெளிறிப்போனார். வெள்ளைக் காலுறையில் சிவப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. சண்டி ஓடைக்கரை அட்டை. இவ்வளவு நேரம் கூடவே பயணம் செய்து, விரல் பருமனுக்கு ஊறிப் படுத்திருந்தது. வருங்கால மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

பாட்டி அலட்டிக்கொள்ளவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை ஒரு விரலில் தொட்டுத் தடவினார். அது சுருண்டு விழுந்தது. விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளிவிட்டு வந்து கேட்டார்:

"எந்த ஊருப்பா நீ?"

"நாகப்பட்டினம், பாட்டி."

"எங்கப்பா அங்கதான் கப்பல் ஏறுனாரு. ரஜுலா கப்பலு. கங்காணி கூட்டியாந்தான்."

தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாட்டி, அதே பாதைதான்! ராஜேந்திர சோழன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால வந்தாரே, அதே கடல் பாதை!"

பாட்டி வெற்றிலையை மடித்து வாயில் வைத்தபடி யோசித்தார்.

"அப்படியா? எங்கப்பா பினாங்கு வர்ற வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாராம். அவருமா?"

தம்பி மற்றக் காலின் காலுறையை மெல்லக் கழற்ற ஆரம்பித்தார்.